ஃபைபர் படகுக்குள் இருக்கும் மரம்

பழைய ஃபைபர் படகை விற்க வருபவர் முதலில் சொல்வது, "ஃபைபர் சார், மக்கிப் போகாது" என்பதுதான். அது பொய்யும் இல்லை. கண்ணாடி நாரும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய கூடு ஐம்பது வருட வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தாங்கி நிற்கும். ஆனால் அந்தக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. உள்ளே இருப்பது மரம். படகுக்கு வெளியே பின்னால் தொங்கும் அவுட்போர்டு என்ஜினைச் சுமக்கும் பின்பலகை மரம். அடிப்பாகத்தை நீளவாக்கில் தாங்கும் ஸ்ட்ரிங்கர் எனப்படும் விட்டங்கள் மரம். நாம் நிற்கும் தளமும் மரம்தான். 1960கள் முதல் 80கள் வரை வந்த சின்ன மோட்டார் படகுகளில் பெரும்பாலானவை, பிளைவுட் மீது ஃபைபர் தோல் போர்த்திச் செய்யப்பட்டவை.

நான் எடுத்துப் புதுப்பித்தது 1970களின் கடைசியில் வார்க்கப்பட்ட 18 அடிப் படகு. அதை முழுக்கப் பிரித்துக் கட்டிய பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. படகைப் புதுப்பிப்பது என்றால், தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று தடம் பிடித்துப் போவதுதான். பாலிஷ், புது சீட், என்ஜின் கவர் ஸ்டிக்கர் எல்லாம் அதற்கு அப்புறம். இணையத்தில் பார்க்கிற பல படகுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மேலே கண்ணாடி மாதிரி மின்னும், பின்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை.

இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பழைய படகு, புதிதாகவே வாங்கிவிடலாமே என்று என் நண்பர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுவிட்டார்கள். என் பதில், அடிப்பாகத்தின் வடிவம். 1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், ரேமண்ட் ஹண்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு, கொந்தளித்த கடலில் மற்றவற்றைப் பின்னே தள்ளி ஜெயித்தது. அதன் அடிப்பாகம் அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து பின்பலகை வரைக்கும் ஆழமான 'வி' வடிவத்திலேயே ஓடியது. அலையில் அறைந்து விழாமல் வெட்டிக்கொண்டு இறங்கியதற்குக் காரணம் அதுதான். மாப்பி மரத்தில் செய்தது. அதைத் தொடர்ந்து வந்த பெர்ட்ராம் 31, அதே வடிவத்தை ஃபைபரில் கொண்டுவந்தது. அச்சு ஒன்று இருந்துவிட்டால் அந்த வளைவை எத்தனை தடவை வேண்டுமானாலும் அப்படியே எடுக்கலாம். அந்தக் காலத்துச் சிறிய படகுகள் பலவும் அந்த யோசனையின் வாரிசுகள்தான். போதாததற்கு, புதிய பொருளை முழுசாக நம்பாத அந்த நாளைய கட்டுநர்கள் பலர் ரெசினையும் நாரையும் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். கூடு நன்றாக இருந்தால் அதுதான் சொத்து. மரத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கடல்நீர்தான் படகைக் கெடுக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். உள்ளே இருக்கிற மரத்துக்கு எமன் மழைநீர். உப்பு ஓரளவுக்குப் பூஞ்சையை அடக்கிவைக்கும். நல்ல தண்ணீர் அதை வளர்த்துவிடும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. ஈரம் ஏறி, கொஞ்சம் காற்றும் மிதமான சூடும் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடும். அதனால் தினமும் கடலுக்குப் போய்வருகிற படகை விட, மூடாமல் கரையில் ஐந்து மழைக்காலம் நின்ற படகு உள்ளே மோசமாக இருக்கலாம். வாங்கப் போகிறவர்கள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பதற்கு முன்னால், எப்படி நிறுத்தி வைத்திருந்தீர்கள் என்று கேட்பது நல்லது. அணியம் மேலே தூக்கி, வடிகால் திருகைக் கழற்றி, மேலே தார்ப்பாய் போட்டு நின்ற படகு என்றால் பாதி வேலை மிச்சம்.

உள்ளே போகும் வழி எல்லாமே துளைகள்தான். என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகள், வடிகால் குழாயின் விளிம்பு, ஆழம் பார்க்கும் கருவியின் சென்சாரை மாட்டிய இரண்டு குட்டித் திருகாணிகள், ஏணி, சீட்டின் அடித்தட்டு. என் படகின் பின்பலகையில், எந்தக் காலத்திலோ கழற்றிய ஏதோ ஒன்றின் திருகாணித் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே வரிசையாக இருந்தன. முந்தைய உரிமையாளர்களில் ஒருவர் அவற்றைச் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார். சிலிக்கான் காய்ந்து விளிம்பில் விலகி, தண்ணீருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஒரு விரலளவு துளை கூட வேண்டாம். பிளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் குறுக்குவெட்டு இழைகள் தண்ணீரை உறிஞ்சிப் பக்கவாட்டில் வெகுதூரம் கொண்டுபோய்விடும். கசிவது ஓரிடம், மக்குவது இன்னோர் இடம்.

சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் தலை உள்ள சுத்தியலால் பின்பலகையைச் சதுரம் சதுரமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகப் பேசும். மக்கிய இடம் 'தொப்' என்று அமுங்கிய குரலில் பதில் சொல்லும். அப்புறம் அவுட்போர்டைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். பின்பலகை வளைந்து கொடுத்தால் அதற்கு மேல் விசாரணை வேண்டாம். ஈரம் அளக்கும் மீட்டரை நான் அவ்வளவு நம்புவதில்லை. பெயின்ட், உள்ளே ஒளிந்திருக்கும் உலோகம், நனைந்த ஃபோம் என்று எல்லாம் அதைக் குழப்பும். உள்பக்கத்திலிருந்து சின்ன டிரில் துளை போட்டு, வருகிற தூளைப் பார்ப்பதே நேர்வழி. வெளிர்நிறத்தில் உலர்ந்து சுருண்டு வந்தால் பிழைத்தது. கறுப்பாகச் சேறு மாதிரி பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. அந்தச் சின்னத் துளைகளை, இறுகிக் கெட்டியாகும் பசையான எபாக்சியால் அடைத்துவிடலாம்.

என் படகில் வந்தது சேறு.

தளத்தை வெட்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. தளமும் விட்டங்களும் இருக்கும்வரை கூடு தன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் அது தொளதொளவென்று ஆகிவிடும். டிரெய்லரின் இரண்டு பலகை மேல் அப்படியே விட்டு வேலை செய்தால், தொங்கிய இடத்திலேயே புது விட்டம் இறுகிப் போய், அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். அடிப்பாகத்தின் பின்பகுதியில் சின்னப் பள்ளம் விழுந்தாலும், ஓடும்போது அணியத்தைக் கீழே அமுக்கி வேகத்தைக் குடிக்கும். நான் ஏராவின், அதாவது அடிப்பாகத்தின் நடு முதுகெலும்பின், நீளத்துக்கும் பக்கங்களுக்கும் முட்டுக் கொடுத்து, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். மேல்விளிம்பில் குறுக்குச் சட்டங்கள் அடித்தேன். எல்லா விட்டத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்காமல், ஒன்றை மாற்றி அது இறுகிய பிறகு அடுத்ததில் கைவைத்தேன். மெதுவான வேலைதான், பரவாயில்லை.

தளத்துக்கு அடியில் இருந்த ஃபோம்தான் என்னை அதிர வைத்தது. மிதவைக்காக ஊற்றிய மஞ்சள்நிற பாலியூரித்தேன் ஃபோம் அது. மூடிய அறைகள் கொண்டது, தண்ணீர் குடிக்காது என்பது ஏட்டுக் கணக்கு. புதிதாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் சுமார் 32 கிலோதான் இருக்கும். வருடக்கணக்கில் தண்ணீரிலேயே ஊறினால் அறைகளின் சுவர்கள் உடைந்து, பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டே போகும். மேற்பகுதி காய்ந்துதான் இருந்தது. அடியில் ஏராவை ஒட்டி வெட்டியெடுத்த கட்டிகளை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. முழுகாமல் காப்பாற்ற வைத்த பொருளே படகைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஃபோமின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. 1958-இல் வந்த பாஸ்டன் வேலர் படகு, இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஃபோம் நிரப்பியது. அதன் நிறுவனர் டிக் ஃபிஷர், மிதக்கும் படகில் உட்கார்ந்தபடி அதை இரண்டாக அறுக்க வைத்துப் படமெடுத்தது 1961-இல் 'லைஃப்' இதழில் வந்தது. பாதிப் படகு அப்போதும் மிதந்தது. பிரச்சினை எங்கே என்றால், தண்ணீர் வடிய வழி விடாமல் ஃபோமை ஏராவரைக்கும் அடைத்து ஊற்றியதில். நான் புதிதாக ஊற்றியபோது நடுவே வடிகால் பாதை விட்டு, பக்கங்களில் உயரத்தில் மட்டுமே ஃபோம் வைத்தேன். மிதவை உயரத்தில் இருந்தால் தண்ணீர் நிறைந்த படகு கவிழாமல் நேராக நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

பின்பலகையை வெளியே இருந்தும் எடுக்கலாம், உள்ளே இருந்தும் எடுக்கலாம். நான் உள்பக்க வழியைத் தேர்ந்தெடுத்தேன். வெளித்தோல் அப்படியே நின்றால் வளைவும் விளிம்பும் தப்பும். அதோடு, படகின் அடையாள எண் பெரும்பாலும் பின்பலகையின் வலது மேல்மூலையில் பதிந்திருக்கும். 1972 நவம்பருக்குப் பின் அமெரிக்காவில் கட்டிய படகுகளில் அது கட்டாயம். அதை அரைத்துத் தள்ளிவிட்டால் பிறகு பதிவு வேலையில் பதில் சொல்லி முடியாது. வட்ட ரம்பத்தின் ஆழத்தை உள்தோலின் கனத்துக்கு மட்டும் வைத்து நாலு பக்கமும் வெட்டினேன். மக்கிய மரம் கையோடு வந்தது. கரண்டி வைத்து அள்ளலாம் போல இருந்தது. உயிரை வாங்கியது நல்ல மரம். ஓரங்களில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்த பிளைவுட்டை உளியால் அடுக்கடுக்காகச் செதுக்கித்தான் எடுக்க முடிந்தது.

புதிய பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு தாள். மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை உள்ளதில் அடுக்குகளுக்குள் பொந்து இருக்காது. பசையும் வெந்நீரைத் தாங்கும். மரமே வேண்டாம் என்று நாரிழை கலந்த ஃபோம் பலகை போடுபவர்களும் உண்டு. அது மக்காது, எடையும் குறைவு, விலைதான் இடிக்கும். எனக்கு மரத்தின் மேல் கோபம் இல்லை. முறையாக எல்லா முனைகளையும் மூடினால் அது நம் ஆயுளுக்கு மேல் நிற்கும். பலகையின் வெட்டு முனைகளில் முதலில் நீர்த்த எபாக்சியை, குடிக்கிற வரைக்கும், தடவிக்கொண்டே இருந்தேன். அது இழுக்கும்போதே கெட்டியாக்கிய எபாக்சியைப் பூசி வெளித்தோலோடு அழுத்தினேன். கிளாம்பை முறுக்குவதில் வீரம் காட்டக் கூடாது. அதிகம் இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். நடுவே ஒட்ட ஒன்றும் இருக்காது.

எந்த ரெசின் என்பது இந்த உலகத்தில் முடிவில்லாத சண்டை. படகு முதலில் பாலியஸ்டரில் கட்டப்பட்டது, அதையே போடு என்பது ஒரு கட்சி. அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கு பிசுபிசுப்பாக இருக்கும்போதே விழுந்தது. வேதியியல் ரீதியில் ஒன்றாகிவிட்டது. நாம் ஒட்டுவது நாற்பது வருடம் முன்பே இறுகிப்போன பரப்பின் மேல். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்புதான். அந்த மாதிரி ஒட்டுக்கு எபாக்சி கூடுதலாகப் பிடிக்கும். மரத்தையும் நன்றாகப் பற்றும். என்ஜின் எடையும் உந்துவிசையும் விழுகிற பின்பலகைக்கும் விட்டங்களுக்கும் எபாக்சி, பெட்டி மூடி மாதிரிச் சில்லறை வேலைகளுக்குப் பாலியஸ்டர் என்று நான் பிரித்துக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை: நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பாய் மாதிரி ஒட்டிச் செய்த சாதாரண மேட்டை எபாக்சியோடு போடக் கூடாது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் இருக்கிற ஸ்டைரீனில்தான் கரையும்; எபாக்சியில் கரையாமல் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வளைவுகளில் படியாது. இரண்டு திசைகளில் ஓடும் இழைகளைத் தைத்துச் செய்த பையாக்சியல் துணிதான் எபாக்சிக்கு ஏற்றது. பாலியஸ்டர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று, இது உயிர் விஷயம்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது. எபாக்சிக்கும் தன் குணம் உண்டு. கப்பில் அப்படியே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டால் நிதானமாக வேலை செய்யலாம்.

பலகையும் அடிப்பாகமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விட்டால் துணி அங்கே மடங்காது, காற்று தங்கும். கெட்டியாக்கிய எபாக்சியால் அந்த மூலையை உருண்டையாக்கி, அது முழுக்க இறுகுவதற்கு முன்பே துணியை விரிக்க வேண்டும். விட்டங்களுக்கும் இதேதான். விட்டத்தின் மரம் கூட்டின் அடியை நேரடியாக முட்டக் கூடாது. சின்ன இடைவெளி விட்டு எபாக்சிக் களிம்பில் உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு கோட்டிலேயே அலையின் அடி முழுக்க இறங்கி, வெளியே விரிசல் காட்டும். பழைய ஃபைபரும் புதியதும் சந்திக்கும் இடத்தில், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைத்துக்கொண்டேன். 5 மில்லிமீட்டர் தோலுக்கு 60 மில்லிமீட்டர் சரிவு.

அரைப்பது பற்றி எல்லாரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் மொத்த வேலையில் பெரும்பங்கு அதுதான். 40 எண் தகடு மாட்டிய கிரைண்டர், முழுமுகக் கவசம், தூளுக்கும் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டி உள்ள மாஸ்க், மேலுடை, மணிக்கட்டில் டேப். அப்படியும் கண்ணாடித் தூள் எப்படியோ கழுத்துக்குள் இறங்கிவிடும். வெந்நீரில் குளிக்கக் கூடாது. தோலின் துளைகள் விரிந்து இன்னும் அரிக்கும் என்பது படகு வேலைக்காரர்கள் சொல்லும் பாடம். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நேராகப் போய்ப் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைத்தால் என்ன நடக்கும் என்று வீட்டில் இருப்பவர்களே சொல்வார்கள்.

பெட்ரோல் டேங்கும் மின்வயரும் தனித்தனிக் கட்டுரை கேட்கும் விஷயங்கள். டேங்கை ஃபோமில் புதைத்த பழைய படகுகளில், ஈரம் அடியில் தேங்கி அலுமினியத்தை ஊசித்துளையாக அரித்திருக்கும். வெளியே எடுத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கசிந்தால் அடிப்பாகத்தில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். வயர்களை நான் ஒன்றுவிடாமல் உருவிவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் புதிதாக இழுத்தேன். பழைய கம்பியின் உறையைச் சீவினால் உள்ளே கறுத்துப் போயிருந்தது. அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கையோ பம்பையோ இல்லை, கம்பியை. அதனால் அது மூலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

வெளிப்பூச்சில் நான் அதிகம் கவலைப்படவில்லை. ஜெல்கோட் எனப்படும் கூட்டின் நிற மேற்பூச்சு வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினாலும், கீழே இன்னும் கனம் இருந்தால் 600 முதல் 2000 வரைக்கும் தண்ணீர் போட்டு உப்புத்தாளால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் நிறம் திரும்பிவிடும். பக்கங்கள் அப்படித் திரும்பின. பின்பலகையில் எபாக்சி வேலை செய்த இடங்களில் ஜெல்கோட் பூசவில்லை. எபாக்சியின் மேல் அது ஒழுங்காக இறுகாமல் போகலாம். அங்கே இரு பகுதி பாலியூரித்தேன் பெயின்ட்டை ரோலரால் இழுத்து, பிரஷ் நுனியால் தடவி முடித்தேன். ஸ்பிரே செய்வது தனிக் காற்று வசதி உள்ளவர்கள் வேலை. அதிலிருக்கும் நச்சுப் பொருளான ஐசோசயனேட்டோடு சாதாரண மாஸ்க்கை நம்பி விளையாடக் கூடாது.

துளைகளை மட்டும் நானே உட்கார்ந்து, யாரிடமும் கொடுக்காமல் போட்டேன். ஒவ்வொரு திருகாணிக்கும் முதலில் பெரிய துளை. அதைக் கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அந்த எபாக்சிக்கு நடுவே சரியான அளவுத் துளை. திருகாணி எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. சீலன்ட் என்றைக்காவது தோற்றாலும் தண்ணீர் மரத்துக்குப் போக வழி இருக்காது. ஜெல்கோட்டில் துளை தொடங்கும்போது டிரில்லை ஒரு நொடி எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் விளிம்பு சிதறாது. பின்பலகையின் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே முடிந்தவரை எதையுமே திருகவில்லை. ஆழம் பார்க்கும் சென்சாருக்கு ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, அதில் திருகினேன். இன்னொரு நாள் வேறு சென்சார் மாற்றினாலும் படகில் புதுத் துளை விழாது.

தண்ணீரில் இறக்கிய பிறகு ஒரே ஒரு விஷயம் மீதி இருந்தது. நனைந்த ஃபோமும் ஊறிய மரமும் போனதில் படகு லேசாகிவிட்டது. அணியம் சீக்கிரம் இறங்கிச் சமநிலைக்கு வந்தது. முழு வேகத்தில் என்ஜின் சுழற்சி, தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்பைத் தாண்டிப் போனது. பழைய எடைக்கு யாரோ சரியாகப் பார்த்து மாட்டிய புரொப்பல்லர், புது எடைக்குச் சிறிதாகிவிட்டது. பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய கணக்குத் தூரம், ஒரு அங்குலம் கூட்டினால் சுமார் 150 முதல் 200 சுழற்சி குறையும் என்பது பொதுக் கணக்கு. 17 இருந்த இடத்தில் 19 மாட்டினேன். வரம்புக்குள் வந்து நின்றது. பழையதைத் தூக்கிப் போடவில்லை. ஆட்கள் நிறைய ஏறும் நாளில் அதுதான் பொருந்தும் என்பதால், ஒரு பின் ஊசியும் நட்டும் சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.